13 வயது மகன், ஃபாஸ்ட் பவுலிங், முட்டிக்குக் கீழே வலி: ஜிம்மில் சேர்க்கலாமா?

கோவை அப்பா:

வணக்கம். இங்கே முதல் தடவை எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு, மூன்று வருடமாக கிரிக்கெட் கேம்ப் போகிறான், வலது கை ஃபாஸ்ட் பவுலர். வீட்டில் கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு உயரம் குறிக்கிற பழக்கம் உண்டு, போன ஜூனுக்கும் இந்த ஜூனுக்கும் நடுவில் 9 செ.மீ. ஏறியிருக்கிறான். தீபாவளிக்கு எடுத்த பேன்ட் இப்போது கணுக்காலுக்கு மேலே நிற்கிறது.

இரண்டு மாதமாக இடது முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரே இடத்தில் வலி என்கிறான். தொட்டால் சின்ன மேடு மாதிரி தட்டுப்படுகிறது. மாடிப்படி ஏறும்போதும் மண்டி போடும்போதும் முகம் சுளிக்கிறான், ஆனால் "சரி, இன்றைக்கு கிரவுண்டுக்குப் போகாதே" என்றால் வலியே இல்லை என்று சாதிக்கிறான்.

கோச் "காலில் பலம் இல்லை, ஜிம்மில் போடுங்க சார்" என்கிறார். எங்கள் அப்பாவோ இந்த வயசில் வெயிட் தூக்கினால் வளர்ச்சி நின்று குள்ளமாகிவிடுவான் என்று வீட்டில் ஒரே சத்தம். மனைவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டியூஷனுக்கு அனுப்பலாம் என்கிறாள். இதற்கு நடுவில் கேம்ப்பில் ஒருவர் புரோட்டீன் பவுடர் டப்பாவைக் கையில் திணித்து, காலையில் இரண்டு ஸ்கூப் கொடுங்கள், காசு அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அவனுடைய வாரம் இப்படி: திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 4.30-லிருந்து 6.30 வரை நெட்ஸ் (வலைப்பயிற்சி). சனி காலை ஃபிட்னஸ் என்று தார் ரோட்டில் 5 கி.மீ. ஓட்டம், அப்புறம் 100 பஸ்கி. ஞாயிறு மேட்ச். ஜிம்மில் சேர்க்கலாமா, வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோடு பிசியோ:

சார், ஜிம் கேள்விக்கு அப்புறம் வருகிறேன், முதலில் முட்டி. நேரில் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்கிற இடம், மேடு, வயது, திடீர் வளர்த்தி எல்லாம் சேர்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது ஆஸ்குட்-ஷ்லாட்டர். 1903-ல் அமெரிக்காவில் ஒரு டாக்டரும் சுவிட்சர்லாந்தில் ஒரு டாக்டரும் தனித்தனியாக எழுதி வைத்தது, அந்த இரண்டு பேரின் பெயர்தான் இது. தொடையின் முன்தசை முட்டிச் சில்லு வழியாகக் கீழே வந்து, முட்டிக்குக் கீழே இருக்கிற கால் எலும்பில் ஒரு இடத்தில் பிடித்திருக்கிறது. வளரும் பிள்ளைக்கு அந்த இடம் இன்னும் முழு எலும்பு ஆகவில்லை, குருத்தெலும்புதான். ஓடும்போதும் குதிக்கும்போதும் தசை அந்தக் குருத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் அது புண்ணாகி வீங்கி மேடு தட்டும். குதிகாலில் இதே சங்கதி 8, 10 வயதுப் பிள்ளைகளுக்கே வரும், அதற்கு செவர் என்று பெயர்.

ஆண் பிள்ளைகளுக்கு சராசரியாக 14 வயதை ஒட்டியும் பெண் பிள்ளைகளுக்கு 12-ஐ ஒட்டியும் உயரம் ஏறுகிற வேகம் உச்சத்தில் இருக்கும். உங்கள் கதவுக் கோட்டைப் பார்த்தால் பையன் இப்போது அந்த உச்சத்தில் நிற்கிறான். அந்தக் கோடு ரொம்ப உபயோகமான விஷயம், மாதம் ஒரு தடவை போடுங்கள். கோடு வேகமாக ஏறுகிற மாதங்களில் ஓட்டத்தையும் குதியையும் குறைக்க வேண்டும். உங்கள் கேம்ப்பில் அந்த மாதங்களில்தான் கூட்டியிருக்கிறார்கள்.

இப்போது ஜிம். எடை தூக்கினால் வளர்ச்சி நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையும் அதையேதான் சொல்கிறது. சரியாகச் சொல்லித்தர ஆள் பக்கத்தில் இருந்து, எடை லேசாக இருந்து, வாரம் இரண்டு மூன்று நாள் என்றால் தாராளமாகச் செய்யலாம். யார் அதிகம் தூக்குகிறார்கள் பார்ப்போம் என்கிற போட்டி மட்டும் வேண்டாம். தாத்தாவிடம் ஒரு கணக்குச் சொல்லுங்கள்: வேகப்பந்து போடுகிறவன் முன்காலை ஊன்றும்போது உடம்பு எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் அந்தக் காலில் ஒரு கணம் இறங்கும். பையன் 45 கிலோ என்றால் 225 கிலோ, ஒவ்வொரு பந்துக்கும். வலது கை பவுலருக்கு முன்கால் இடதுகால், வலியும் இடதுகாலில்தான். பத்து கிலோ டம்பெல்லைப் பார்த்து பயப்படுகிற வீட்டில் இதை யாரும் எண்ணுவதே இல்லை.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம் நோட்டுப் போட்டு, அவன் எத்தனை பந்து வேகமாகப் போடுகிறான் என்று எண்ணிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம். நடக்கும்போது நொண்டினாலோ, ராத்திரி வலித்து எழுந்தாலோ, முட்டி முழுக்க வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே எலும்பு டாக்டர். இந்த வயதில் இடுப்பு மூட்டில் எலும்பு நழுவினாலும் வலி முட்டியில் தெரியும், முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். நொண்டினால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தஞ்சாவூரான்:

இந்தக் காலத்துப் பெற்றோர்தான் பிள்ளைகளைக் கெடுப்பது. வலி இல்லாமல் விளையாட்டு ஏது? கபில்தேவ் 131 டெஸ்ட் ஆடினார், காயத்துக்காக ஒரு டெஸ்ட் கூட உட்காரவில்லை. அவருக்கு யார் பந்து எண்ணினார்கள்?

ஓய்வு பெற்ற பி.இ.டி.:

தஞ்சாவூர்த் தம்பி, 31 வருடம் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதியவன் நான், கபிலைக் காட்டிப் பிள்ளைகளை ஓட்டியவர்களில் நானும் ஒருவன். தாங்கினவன் பெயர்தான் நமக்குத் தெரியும், தாங்காதவன் பத்தாம் வகுப்போடு ஷூவைக் கழற்றிவிட்டுப் போய்விட்டான், அவனை யார் எண்ணினார்கள்?

கோவைத் தம்பிக்கு ஒன்று. அந்த சனிக்கிழமை 5 கி.மீ. தார் ரோடு எதற்கு என்று கோச்சிடம் கேளுங்கள். பவுலர் ஓடுவது பதினைந்து இருபது மீட்டர், அதுவும் வேகமாக. தார் ரோட்டு நெடுந்தூர ஓட்டம் அவனைச் சோர்வாக்கும், பவுலராக்காது. நூறு பஸ்கியும் அப்படித்தான், முப்பதுக்கு மேல் எவனும் ஒழுங்காக உட்கார்ந்து எழுந்திருப்பதில்லை, முட்டி உள்ளே மடங்கிக்கொண்டே போகும். நானே தண்டனையாக நூறு போடச் சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் பிள்ளைகள் நொண்டி ஆடினார்கள், பாண்டி ஆடினார்கள், பச்சைக்குதிரை தாண்டினார்கள், கபடியில் புழுதியில் விழுந்து எழுந்தார்கள். ஒற்றைக் காலில் குதித்து, தடுமாறாமல் நின்று, சட்டென்று திரும்ப உடம்பு அதில்தான் பழகியது. இன்றைக்கு அதையே கூம்பு வைத்து, ஏணிக்கயிறு விரித்து, மாதம் மூவாயிரம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். நான் சொல்வது, சனிக்கிழமை ஓட்டத்தை எடுத்துவிட்டு கபடி, நொண்டி, நீச்சல் என்று எதிலாவது அவனை விட்டுப் பாருங்கள். வருடம் முழுக்க ஒரே விளையாட்டு, ஒரே கை, ஒரே கால் என்றால் எந்த உடம்பு தாங்கும்?

ஈரோடு பிசியோ:

சார் சொன்னதில் ஒரே ஒரு திருத்தம், முட்டி வலி அடங்குகிற வரை நொண்டி மட்டும் வேண்டாம், அதே இடத்தைத்தான் இழுக்கும். நீச்சல் நல்லது. மற்றபடி சார் சொல்வதைத்தான் ஆராய்ச்சியும் சொல்கிறது. ஃபிஃபா 7 முதல் 13 வயதுக்காரர்களுக்கு வைத்திருக்கிற '11+ கிட்ஸ்' வார்ம்-அப்பில் இருப்பதும் ஒற்றைக்கால் நிற்பு, குதித்து இறங்குவது, விழுந்து புரள்வதுதான். செக் குடியரசு, ஜெர்மனி, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து நான்கு நாட்டிலும் அதைச் செய்த அணிகளில், வழக்கமான வார்ம்-அப் செய்தவர்களைவிடக் காயம் 48 சதவீதம் குறைந்தது.

சென்னை லீக் பழசு:

தஞ்சாவூர் நண்பருக்கு என் முதுகைக் காட்டலாம். 16 வயதில் நானும் வலது கை ஃபாஸ்ட். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இடது பக்கம் வலி. தைலம் தேய், ஓடினால் சரியாகும் என்றார்கள், நானும் ஓடினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. நான்கு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து வந்த விரிசல் என்று தெரிந்தது. ஒரு முழு சீசன் போனது, திரும்பி வந்தபோது வேகமும் போயிருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பாலில் ஸ்பின் போடுகிறேன், பையன்கள் சிக்ஸர் அடிக்கிறார்கள்.

1987-ல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் என்கிற வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியபோது சொல்லிக்கொடுக்க வந்த ஆஸ்திரேலிய ஃபாஸ்ட் பவுலர் டென்னிஸ் லில்லிக்கே 1973-ல் இதே மாதிரி முதுகில் எலும்பு முறிந்தது. பிளாஸ்டர் போட்டு, மாதக்கணக்கில் உடம்பைத் தேற்றி, ஓடிவருகிற விதத்தையும் மாற்றிக்கொண்டு 1974-75-ல் இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடரில் திரும்ப வந்தார். அவர் லில்லி, வந்துவிட்டார். கோவை அண்ணா, பையன் எப்போதாவது முதுகு என்று சொன்னால், பவுலிங் கைக்கு எதிர்ப்பக்கம் வலிக்கிறதா, ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளைந்தால் வலிக்கிறதா என்று பாருங்கள், வலித்தால் அன்றைக்கே பந்தை வாங்கி வைத்துவிடுங்கள்.

கோவை அப்பா:

எண்ணினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. திங்கள் முதல் வெள்ளி நெட்ஸில் மட்டும் 338 பந்து, ஞாயிறு மேட்சில் 8 ஓவர், வைடு நோபால் சேர்த்து 53. இது போக அப்பார்ட்மென்ட் கீழே டென்னிஸ் பாலில் இருட்டுகிற வரை போடுகிறான், அதை எண்ண முடியவில்லை. நெட்ஸில் ஏன் இவ்வளவு என்றால், பெரிய பையன்கள் பேட்டிங் பிராக்டிஸுக்கு இவனைத்தான் நிறுத்திவைக்கிறார்கள். பவுலிங் மெஷினுக்குக் கரண்ட் பில் வரும், இவனுக்கு நான் ஃபீஸ் கட்டுகிறேன்.

ஈரோடு பிசியோ:

சார், இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் ஃபாஸ்ட் பவுலர்களுக்குப் பல வருடமாக வைத்திருந்த வரம்பு இது: 13 வயதுக்குட்பட்டோர் ஒரு ஸ்பெல்லில் (ஒரே தொடர்ச்சியாகப் போடுவதில்) 5 ஓவர், நாளுக்கு 10 ஓவர்; 14, 15 வயதுக்குட்பட்டோர் ஒரு ஸ்பெல்லில் 6 ஓவர், நாளுக்கு 12 ஓவர். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போடக் கூடாது, ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேலும் கூடாது. உங்கள் மேட்ச் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. ஐந்து நாள் விடாத நெட்ஸ்தான் தாண்டுகிறது. மொத்த நேரத்தையும் பாருங்கள், வாரத்தில் 17 மணி நேரத்தை ஒட்டி வரும். வயது எத்தனையோ அதற்கு மேல் மணிக்கணக்கு போகக் கூடாது என்பது பிள்ளைகள் விளையாட்டில் எல்லோரும் சொல்கிற ஒரு தோராயக் கணக்கு, அதன்படி 13. ஓய்வு நாள் என்று ஒன்று அவன் வாரத்தில் இல்லவே இல்லை.

முழுசாக நிறுத்தச் சொல்லவில்லை. ஆறு வாரம் வேகப்பந்தை வாரம் இரண்டு நாளாக்குங்கள், மற்ற நாளில் பேட்டிங், கேட்ச். வலித்தால் ஐஸ், 15 நிமிடம். சுவரில் முதுகை வைத்துப் பாதி உட்கார்ந்த நிலையில் 30 நொடி, வலி பொறுக்கிற அளவில், நாலைந்து தடவை. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராக வைத்திருக்கும் பிளாங்க், தண்டால். இதெல்லாம் வீட்டுப் பாயிலேயே ஆகும், ஜிம்முக்குக் காசு வேண்டாம். பவுடரும் வேண்டாம், இரண்டு முட்டை, சுண்டல், பால், மீன் என்று வீட்டில் இருப்பதே போதும். தூக்கம் 8 முதல் 10 மணி நேரம், டியூஷன் போட்டால் முதலில் அடிபடுவது அதுதான்.

திருச்சி அம்மா:

அண்ணா, கேள்வி பையனைப் பற்றி, இருந்தாலும் பெண் பிள்ளை வைத்திருக்கிற யாராவது படிப்பார்கள் என்று எழுதுகிறேன். என் மகளுக்கு 15, 800 மீட்டர் ஓடுகிறாள். போன வருடம் டைமிங் மாதாமாதம் சரிந்தது, சோம்பேறித்தனம் என்று இன்னும் ஓட விட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.1, ரொம்பக் குறைவு, ரத்தசோகை. நடுவில் மூன்று மாதம் பீரியட்ஸ் வரவில்லை, ஓடுகிற பெண்ணுக்கு அப்படித்தான் என்று கிரவுண்டில் ஒரு அக்கா சொன்னதை நானும் நம்பிவிட்டேன். அப்படி இல்லையாம், ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்று உடம்பு சொல்கிறது, அப்படியே விட்டால் எலும்பு பலம் போய்விடும் என்று டாக்டர் திட்டினார். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் 15-19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படியென்றால் எந்த கேம்ப்பிலும் பாதிப் பெண்கள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஓட்டத்தைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள்.

கோவை அப்பா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நோட்டை எடுத்துக்கொண்டு கோச்சிடம் போனேன். முதலில் முகம் மாறியது, மற்ற அப்பாக்கள் எல்லாம் இன்னும் போடச் சொல்லுங்கள் என்றுதான் வருகிறார்கள் சார் என்றார். அப்புறம் 338-ஐ இரண்டு தடவை பார்த்தார், அவருக்கும் அந்த எண் தெரிந்திருக்கவில்லை. வாரம் இரண்டு நாள் பவுலிங் என்று ஒத்துக்கொண்டார், சனி ஓட்டத்துக்கு மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை, அந்த நாளில் நீச்சலுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பவுடர் டப்பா சீல் உடைக்காமல் திரும்பிப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை எலும்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

அப்பாவிடம் 225 கிலோ கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது சாயங்காலம் அப்பார்ட்மென்ட் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், பன்னிரண்டு பந்து ஆனதும் "போதும்டா, மேல வா" என்கிறார். பையனுக்கு அவர் மேல்தான் கோபம்.