அடி வாங்குகிறவளும் ஆறு மாதம் பொறுக்க வேண்டுமா?

தாமிரபரணி:
கணவனிடம் அடி வாங்கும் பெண் ஒருத்தி நேற்று இங்கே வழி கேட்டிருந்தாள். அதற்குப் பழைய குமாஸ்தா ஐயா எழுதிய பதில் இது: "விவாகரத்துக்குப் போனாலும் ஆறு மாதம் பொறுத்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. அதுவரை அனுசரித்துப் போ அம்மா." படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. எந்தச் சட்டம் ஐயா அது? ஆறு மாதம் என்பது இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில், இருவரும் மனமொத்துக் கையெழுத்துப் போட்டுப் பிரிகிறவர்களுக்குச் சொன்னது. கொடுமையைக் காரணம் காட்டி ஒருவர் மட்டும் போடும் மனு 13(1)(ஐஏ). அதில் ஆறு மாதம் என்ற பேச்சே இல்லை. அடிக்கிறவன் வீட்டிலேயே இரு என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது?

பழைய குமாஸ்தா:
முப்பத்தொரு வருடம் நீதிமன்றக் கட்டுகளைச் சுமந்தவன் நான். ஆறு மாதத்திற்குள் விவாகரத்து வாங்கிக்கொண்டு படி இறங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

தாமிரபரணி:
வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு இழுப்பது வேறு, காத்திரு என்று சட்டம் சொல்வது வேறு. நீங்கள் இரண்டையும் போட்டுக் குழப்பி, பயந்து கிடக்கும் பெண்ணின் தலையில் கட்டுகிறீர்கள். அந்த 13பி-யின் ஆறு மாதத்தையே தகுந்த வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது.

பழைய குமாஸ்தா:
ஆக, ஆறு மாதம் உண்டு என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. நன்றி.

வைகைக்கரை:
திருமணம் ஆகி ஒரு வருடம் முடியாமல் மனுவே போட முடியாது. அதை ஏன் அக்கா மறைக்கிறீர்கள்? 14-வது பிரிவைப் படித்ததில்லையா? என் அண்ணி கொடுத்த புகாரால் என் அம்மா 62 வயதில் காவல் நிலையத்தில் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. பெண்கள் சொல்வதெல்லாம் வேதம் என்று இங்கே எழுதுகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்.

தாமிரபரணி:
தம்பி, உங்கள் அம்மா பட்டதற்கு வருந்துகிறேன். எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே காவல் துறைக்குக் கட்டளையிட்டிருக்கிறது. ஆனால் அதற்கும் இவள் வாங்கும் அடிக்கும் என்ன சம்பந்தம்? 14-ஐ முழுதாகப் படியுங்கள். மனுதாரருக்கு மிகக் கடுமையான துன்பம் என்றால் ஒரு வருடத்திற்கு முன்பே நீதிமன்றம் அனுமதி தரலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. பாதியைப் படித்துவிட்டு என்னை மறைக்கிறேன் என்கிறீர்கள்.

வைகைக்கரை:
"தரலாம்" என்றுதானே இருக்கிறது? "தர வேண்டும்" என்று இல்லையே.

கீழரதவீதி:
நீங்கள் பிரிவுகளை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டே இருங்கள். அந்தப் பெண் இன்று இரவு எங்கே படுப்பாள்?

தாமிரபரணி:
கேட்டீர்களே ஒரு கேள்வி! விவாகரத்து வரும்வரை அவள் தெருவில் நிற்க வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், 12-வது பிரிவின்படி குற்றவியல் நடுவரிடம் மனுப் போடலாம். நேராகவும் போடலாம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமும் போடலாம். அடிக்கக் கூடாது, வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கேட்கலாம். எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே அதைக் கொடுக்க 23-வது பிரிவு இடம் தருகிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, உனக்கு உரிமை இல்லை என்று மிரட்டுவார்கள். அங்கே அவர்கள் குடும்பமாக வாழ்ந்திருந்தால் அந்தப் பேச்சும் எடுபடாது, 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. இதற்கெல்லாம் விவாகரத்து மனு போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பழைய குமாஸ்தா:
அதே சட்டத்தில் முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. முடித்ததைப் பார்த்தவர் கை தூக்குங்கள். காகிதத்தில் இருப்பது சோறு போடாது அம்மா. அதனால்தான் ஆறு மாதம் என்றேன். குறைத்துத்தான் சொன்னேன்.

தாமிரபரணி:
இப்போது "குறைத்துச் சொன்னேன்" ஆகிவிட்டதா? நேற்று "சட்டம் அப்படி" என்றீர்களே!

உங்கள் "அனுசரித்துப் போ" என்ன செய்யும் தெரியுமா? இந்து திருமணச் சட்டத்தின் 23-வது பிரிவில், கொடுமையை மன்னித்துவிட்டால் அதைக் காரணம் காட்ட முடியாது என்று இருக்கிறது. சேர்ந்து குடும்பம் நடத்தினாளே, மன்னித்துவிட்டாள் என்று அவன் வக்கீல் நாளை எழுந்து சொல்வார். மறுபடி கொடுமை செய்தால் பழைய கொடுமையும் உயிர் பெறும் என்று 1975-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் அவள் தப்பிக்கலாம். ஆனால் அதற்கு அவள் மறுபடி அடி வாங்கியிருக்க வேண்டும் ஐயா. அதைத்தான் அனுசரிக்கச் சொல்கிறீர்கள்.

என் தங்கையை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனவள் நான். இடது புருவத்தில் நான்கு தையல். விபத்துப் பதிவேட்டில் எழுதுவதற்காக மருத்துவர் "எப்படி ஆயிற்று?" என்று கேட்டார். கட்டில் பக்கத்தில் மாமியார் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குளியலறையில் வழுக்கிவிட்டது" என்றாள் என் தங்கை. அந்த ஒரு வரி மூன்று வருடம் எங்களைத் துரத்தியது. ஒவ்வொரு வாய்தாவிலும் அவன் வக்கீல் அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டினார். அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான்: மருத்துவரிடம் உண்மையைச் சொல். காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவுக்கு ரசீது கேட்டு வாங்கு. "இனி அடிக்க மாட்டேன்" என்று அவன் எழுதிக் கொடுத்தால் அதற்கும் நகல் வாங்கி வை.

தனித்தமிழ் அன்பன்:
உருக்கமாக எழுதுகிறீர்கள். ஆனால் விவாகம் வடசொல், ரத்து அரபுச் சொல். மணமுறிவு என்று எழுதினால் என்ன?

தாமிரபரணி:
நான்கு தையலுக்கும் தமிழில் பெயர் வைத்துவிட்டு வாருங்கள்.

வைகைக்கரை:
ஒரு தங்கை கதையை வைத்து ஊரில் உள்ள கணவன்மார் எல்லோரையும் குற்றவாளி ஆக்கியாயிற்று.

தாமிரபரணி:
"எல்லோரும்" என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள்.

கீழரதவீதி:
அண்ணாச்சி போன மாதம் பட்டா மாறுதலிலும் இப்படித்தான் அடித்துச் சொன்னார். அதை நம்பித் தாலுகா அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

பழைய குமாஸ்தா:
பட்டா விஷயத்தில் நான் சொன்னது சரி. நீர் கொண்டுபோன வில்லங்கச் சான்று தவறு. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

கீழரதவீதி:
வில்லங்கச் சான்றில் ஒரு குறையும் இல்லை. வேண்டுமானால் எடுத்துப் போடட்டுமா?

தாமிரபரணி:
நேற்றிலிருந்து அந்தப் பெண் ஒரு வரி எழுதவில்லை. அம்மா, படிக்கிறாய் என்றால் பெண்கள் உதவி எண் 181-க்கு அழை. ஆறு மாதம் என்று யார் சொன்னாலும் உட்கார்ந்துவிடாதே.

பழைய குமாஸ்தா:
பழைய நாட்குறிப்புகள் பரணில் இருக்கின்றன. நாளை வழக்கு எண்களோடு வருகிறேன். ஆறு மாதத்திற்குக் குறைந்து ஒன்று இருந்தால் சொல்கிறேன்.

தாமிரபரணி:
கொண்டு வாருங்கள். எது 13(1), எது 13பி என்று பிரித்துக் கொண்டு வாருங்கள்.