குரங்குக்கு எயார் ரைபிள் (காத்தழுத்தத்தில சுடுற துவக்கு) எடுக்கலாமா? வளவு வைச்சிருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ

கன்னியா வளவு:
திருகோணமலை, கன்னியாவில எங்கட வளவில தென்னை, மா, கொய்யா எல்லாம் இருக்கு, வீட்டுக்கு ஒரு மாங்காய் மிஞ்சுறேல்ல. விடிஞ்சா செங்குரங்குக் கூட்டம், இளநியப் பிடுங்கி ஓட்டை போட்டு ஒரு வாய் குடிச்சிட்டு எறியுதுகள், மத்தியானம் அணில், ராவில எலி. 2025 மார்ச் 15 காலம 8 மணியில இருந்து 8.05 வரைக்கும் நாடு முழுக்க குரங்கு, மயில் எண்ணச் சொன்னாங்களே, நானும் கொப்பியோட நிண்டு எண்ணிக் குடுத்தன், எண்ணினதோட சரி. யானை கலைக்கிற யானைவெடிக்கும் குரங்குகளுக்கு இப்ப பயமில்ல. 4.5 மில்லிமீற்றர் குண்டு போடுற ரைபிள் எடுக்கவா 5.5 எடுக்கவா?

உப்புவெளி அக்கா:
தம்பி, குரங்குக்கு மட்டும் சுடாதேங்கோ. எங்கட ஒழுங்கையில ஒரு தாய்க்குரங்கு தொடையில குண்டு பட்டு, சீழ் வடிய வடிய வயித்தில குட்டியையும் காவிக்கொண்டு மதிலால திரிஞ்சது. உடன சாகாது, புண் அழுகித்தான் சாகும். சுட்டவருக்கு அது தெரியவும் வராது, அவற்ற வளவ விட்டு ஓடிட்டுது எண்டு நினைச்சிருப்பார்.

தம்பலகாமத்தான்:
அக்கா டவுனில இருந்து சொல்லுறது லேசு. கச்சானும் சோளனும் போட்டு ஒரு ராவில எல்லாம் போனாத்தான் விளங்கும். இஞ்ச கட்டுத்துவக்கும் (கம்பியில தட்டுப்பட்டா வெடிக்கிற பொறித் துவக்கு) ஹக்கபட்டாசும் (தீனிக்குள்ள ஒளிச்சு வைக்கிற வெடி) வைக்கிற ஆக்களும் இருக்கினம், பன்றிக்கெண்டு வைச்ச வெடியக் கடிச்சு யானைக்குட்டி வாய் சிதறிச் சாகுது. அதோட பாத்தா எயார் ரைபிள் எவ்வளவோ மேல், குறி பாத்த ஒண்டுக்கு மட்டும்தான் அடி. முயல், புறா எண்டு கறிக்கும் ஆகும்.

கிண்ணியா நானா:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. நடுவால முறிச்சுக் குண்டு போடுற ஸ்பிரிங் ரைபிள்தான் கனபேரிட்ட இருக்கு, அதின்ர வேகம் எலிக்கும் அணிலுக்கும் போதும், அதுவும் 20, 25 மீற்றருக்குள்ள தலையில பட்டா மட்டும். அஞ்சாறு கிலோ கடுவன் குரங்குக்கு அது காணாது, உப்புவெளித் தங்கச்சி சொன்ன மாதிரி காயம்தான் மிஞ்சும். தம்பி, எலிக்கெண்டா 5.5 எடுங்க, ஆனா எடுத்த உடன மரத்தப் பாத்துச் சுடாதீங்க. மட்டையில ஒரு குத்திக்காசு அளவு வட்டம் கீறி, அஞ்சு குண்டும் அதுக்குள்ள விழுற தூரம் எதுவோ அதுதான் உங்கட தூரம், அதுக்கு மேல ஒரு அடியும் போகாதீங்க. ஸ்பிரிங் ரைபிள மதில்ல வைச்சு அமத்திப் பிடிச்சா உதறிக் குறி மாறும், உள்ளங்கையில லேசா ஏந்தித்தான் சுடணும். மேல பாத்துச் சுட்டுத் தப்பின குண்டு பக்கத்து வளவுப் பிள்ளைட கண்ணிலயும் படலாம், பின்னால மண்ணோ அடிமரமோ இருக்கணும். குண்டு ஈயம், செத்த எலிய வேலிக்கு அங்கால எறிஞ்சா கூகையும் பூனையும் திண்டு ஈயம் அதுகளுக்குப் போகும், தாட்டு விடுங்க. கறி விசயத்தில, அறுக்க முந்தி செத்த புறா எங்களுக்கு மார்க்கப்படி ஆகாது, அதால நான் அந்தப் பக்கம் போறதில்ல.

உப்புவெளி அக்கா:
நானா சொல்லுறது எலிக்குச் சரி. ஆனா புறா, முயல் எண்டு தொடங்கிறதுதான் எனக்குப் பயம். நிலாவெளிக் கடல்ல இருக்கிற புறாத்தீவ வெள்ளைக்காரன் காலத்தில சுட்டுப் பழகிற இடமா வைச்சிருந்தாங்கள், 2003ல தேசியப் பூங்காவாக்கி இப்பதான் அந்தப் புறாக்களுக்கு ஒரு இடம் இருக்கு. திருகோணமலைக் கோட்டைக்குள்ள புள்ளிமான் ஆக்களுக்குப் பக்கத்திலயே மேயுது, கையில ரைபிள் உள்ள பொடியனுக்கு அதில ஒருக்கா குறி பாக்க எவ்வளவு நேரம்? வனஜீவராசிச் சட்டம் 1937லயே வந்தது, 2009ல இன்னும் இறுக்கினவங்கள்.

தம்பலகாமத்தான்:
மானச் சுடச் சொல்லி ஆர் சொன்னது? சட்டம் மிருகங்களுக்கு இருக்கு, என்ர சோளனுக்கு என்ன இருக்கு? சுடவேண்டாம் எண்டா வேற வழி சொல்லுங்கோ அக்கா.

உப்புவெளி அக்கா:
தென்னைக்கு அடிமரத்தில அகலமாத் தகரம் அடியுங்கோ, வட்டு வேற மரத்தில முட்டாம ஓலைய வெட்டி விட்டா எலியும் அணிலும் ஏறாது. கொய்யாக்கு வலை.

தம்பலகாமத்தான்:
எலிக்குச் சரி. மந்தி தகரத்தப் பாத்து நிக்குமே, கூரையில இருந்து ஓலைக்குப் பாயுது. தோட்டத்துக்கு வலை போட எனக்கு வசதியில்ல, அரசாங்கம் அதுக்குக் காசு தரட்டும், இந்த ரைபிள் கதையே எங்களுக்குத் தேவையில்ல.

கன்னியா வளவு:
நானா, பெரிய நன்றி. எலிக்கு மட்டும் எடுக்கிறன், முதல் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) லைசன்ஸ் விசயத்தக் கேட்டுட்டுத்தான். குரங்குக்குப் பக்கத்து வளவுக்காரரோட சேந்து விடிய முறை வைச்சுக் காவல் நிக்கப் போறம், தம்பலகாமத்தில ஆரும் அப்பிடிச் செய்து பாத்தா எழுதுங்கோ.