அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆகஸ்ட்லயே டீமுக்கு நம்பர் போடறாங்கல்ல, அந்த ரேங்கிங் சண்டைல மறக்கவே முடியாத ஆள் யாரு? உங்க அனுபவத்த போடுங்க

கொலம்பஸ்காரன்

நானே ஆரம்பிக்கறேன். போன வருஷம் டெக்ஸஸ் மேட்ச், 2025 ஆகஸ்ட் 30, எல்லாரும் பாத்திருப்பீங்க, அதனால ஆட்டத்துக்குள்ள போகல. டெக்ஸஸ் ஏபி போல்ல (பத்திரிகைக்காரங்க ஓட்டுப் போட்டு எடுக்கற ரேங்கிங்) ப்ரீசீசன் நம்பர் 1, அவங்க சரித்திரத்துலயே முதல் தடவ, நாங்க, ஓஹையோ ஸ்டேட், நடப்பு சாம்பியனா இருந்தும் 3. காலைல ஸ்டேடியம் பக்கத்துல டெயில்கேட் (மேட்ச்சுக்கு முன்னாடி வெளிய கூடி சமைச்சு சாப்பிடறது), பக்கத்து டென்ட்ல டெக்ஸஸ்ல இருந்து ட்ரக்க ஓட்டிட்டே வந்த ஒரு வெள்ளக்காரப் பெரியவர், ஆரஞ்சு சட்டை, ஆரஞ்சு தொப்பி. எங்க செட்ல ஒருத்தன் சும்மா இருக்க மாட்டாம போய் இன்னிக்கு நம்பர் 1 டீம அடிக்கப்போறோம்னு வம்பிழுத்தான். பெரியவர் கோவமே படல. ப்ரிஸ்கெட் நறுக்கிட்டே, "எங்கள நம்பர் 1-னு யாருப்பா சொன்னா, நாங்க இன்னும் ஒரு ஸ்னாப் கூட ஆடலயே, இன்னிக்கு நீங்க ஜெயிச்சு நவம்பர் கடைசில நாங்க மூணு தோத்து நின்னோம்னா இந்த ஜெயிப்புக்கு என்ன விலை"ன்னு கேட்டுட்டு அவனுக்கே ஒரு தட்டுல ரெண்டு துண்டு வச்சு நீட்டினார்.

14-7 ஜெயிச்சோம். டெக்ஸஸ் அப்புறம் ஃப்ளோரிடாகிட்டயும் ஜார்ஜியாகிட்டயும் தோத்து 9-3, அதாவது ஒம்போது ஜெயிப்பு, மூணு தோல்வி. கரெக்டா மூணு!! சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற ப்ளேஆஃப்லயும் இல்ல. டிசம்பர்ல அவங்க ஆளுங்க எல்லாம் கொலம்பஸ் போகாம ஏதாவது சின்ன டீம கூப்ட்டு ஆடியிருந்தா 10-2 ஆயிருப்போம், உள்ள போயிருப்போம்னு பொலம்பினாங்க. எங்காளுங்க இன்னும் "நம்பர் 1-ஐ அடிச்சோம்"னு சொல்லிட்டுத்தான் திரியறாங்க. ஒரே மேட்ச், ரெண்டு சைடும் தனக்கு வேணுங்கறத எடுத்துக்குது. அந்த மனுஷன் கேட்ட கேள்விக்கு இன்னிய வரைக்கும் யாரும் பதில் சொன்னதா தெரியல.

ப்ளூமிங்டன்அக்கா

நான் இண்டியானா யூனிவர்சிட்டில எம்எஸ் படிச்சவ, அதாவது கல்லூரி ஃபுட்பால்லயே அதிக தோல்வி எங்க டீமுக்குத்தான்னு கேட்டு கேட்டு பழகினவ, இத முன்னாடியே சொல்லிடறேன். 2024 நவம்பர், சிகாகோல எங்க வீட்டு வளைகாப்பு, நான் கைல வளையல் தட்டோட நிக்கறேன், என் ஓரகத்தியோட தம்பி வந்தான். மிஷிகன் வெறியன். வந்ததும் "என்னக்கா 10-0-ங்கறீங்க, யார ஜெயிச்சீங்க சொல்லுங்க, ஷெட்யூல்ல ஒரு டீம் இருக்கா"ன்னான். நான் பொறுமையா, உங்களத்தான்டா ஜெயிச்சோம், 20-15-ன்னேன்.

அவன் ஒரு செகண்ட் கூட யோசிக்கல. "எங்கள ஜெயிச்சதெல்லாம் கணக்குல சேராதுக்கா, இந்த வருஷம் நாங்களே டம்மி."

இதே மிஷிகன் அந்த வருஷம் ஆகஸ்ட்ல நம்பர் 9!! அப்ப எங்க ஷெட்யூல பாத்து மிஷிகன் வராங்க நீங்க காலின்னு சொன்னவனும் இவன்தான். நாங்க ஜெயிச்ச அன்னிக்கு அவங்க டம்மி ஆயிட்டாங்க. வளையல் தட்ட கீழ வச்சுட்டு ஏதாவது சொல்லியிருக்கணும், சுத்தி பெரியவங்க, சொல்லல, அதான் உறுத்துது.

அடுத்த வருஷம் ப்ரீசீசன் 20. ஓல்ட் டொமினியன், கெனசா ஸ்டேட், இண்டியானா ஸ்டேட்னு மூணு சின்ன டீமயும் வீட்லயே வச்சு ஆடறோம்னு ஊரே சிரிச்சுது, கோச் சிக்னெட்டி வேற நாங்களும் எஸ்இசி (தெக்குப் பக்கத்து பெரிய டீம்களோட லீக், கான்ஃபரன்ஸ்னு சொல்வாங்க) மாதிரி லேசா ஷெட்யூல் போட்டுக்கறோம்னு நக்கலா சொல்லி வச்சார். 16-0, சாம்பியன். மத்தத நான் சொல்லணுமா. ஓரகத்தி தம்பி வாட்ஸ்அப்ல கட்டவிரல் ஒண்ணு அனுப்பினான், வேற பேச்சில்ல.

ஹூஸ்டன்ஆகி

மேடம் வாழ்த்துக்கள், ஆனா நீங்க சொல்ற விதத்துல எஸ்இசியையும் உங்களையும் ஒண்ணா வைக்கறது நியாயமில்ல. என் கதை சின்னது. பியர்லேண்ட் மீனாட்சி கோயில் கேன்டீன், நான் எங்க டெக்ஸஸ் ஏ அண்ட் எம் மரூன் டிஷர்ட், ஒரு லாங்ஹார்ன் மாமா, அதாவது டெக்ஸஸ் டீம் ஆளு, புளியோதரய சாப்ட்டுட்டே விரல் விட்டு எண்ணினார், ஜார்ஜியா ஆடல, அலபாமா ஆடல, ஓல் மிஸ் ஆடல, ஓக்லஹோமா ஆடல, நீ எப்டிப்பா 10-0-னு. ஷெட்யூல் போடறது கான்ஃபரன்ஸ் ஆபீஸ், நாங்களா எழுதிக்கிட்டோம்? நாட்ரடாம அவங்க ஊர்லயே போய் அடிச்சது அவர் விரல்ல வரவே இல்ல. அவ்ளோதான் கதை.

இப்ப எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன், ஷெட்யூல் கஷ்டமா லேசானு பாக்கறதுக்கு ஒரு முறை இருக்கு, யாரும் அத பாக்கறதில்ல. மொதல்ல எதிர் டீம் பேருக்கு முன்னாடி இருக்கற நம்பர மறந்துடணும், அது ஆகஸ்ட்ல அறுபது சொச்சம் பத்திரிகைக்காரங்க போட்ட ஓட்டு, முதல் இடத்துக்கு 25 பாயிண்ட், அடுத்ததுக்கு 24-னு கூட்டினது, அதுல பாதி போன வருஷ ஞாபகம், மீதி பேரு. அடுத்தது அந்த டீமோட போன வருஷ ஜெயிப்பு சதவீதத்தையும் பாக்காதீங்க, இப்ப ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கு, ஜனவரில ஆளே மாறிடறான், பேருதான் அதே பேரு. பாக்க வேண்டியது குவார்ட்டர்பேக் (பந்த எறியற ஆள்) திரும்ப வரானா, அஃபென்சிவ் லைன்ல (அவனுக்கு முன்னாடி நின்னு காக்கறவங்க) எத்தன பேர் பழைய ஆளு, டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் மாறியிருக்காரா. அப்புறம் வரிசை. ஒரே டீம செப்டம்பர்ல வீட்ல ஆடறதும் நவம்பர்ல அவங்க ஊர்ல ராத்திரி ஆடறதும் ஒண்ணா? உங்களுக்கு முன்னாடி அவங்களுக்கு பை வீக் (மேட்ச் இல்லாத வாரம்) இருக்கா? அடுத்தடுத்து ரெண்டு வாரம் வெளியூரா? இதெல்லாம் எழுதி வச்சுக்கணும், நான் எக்செல்ல வச்சிருக்கேன், கேட்டா அனுப்பறேன். கடைசியா, 2026-ல இருந்து எஸ்இசிக்கும் ஒம்போது கான்ஃபரன்ஸ் மேட்ச், 16 டீமுக்கு ஆளுக்கு ஒண்ணு கூடினா மொத்தம் எட்டு தோல்வி புதுசா யார் தலைலயோ விழும், அந்த எட்டு பேர்ல நம்ம டீம் இருக்கானு இப்பவே பாத்து வைங்க, டிசம்பர்ல அழாதீங்க.

ப்ளூமிங்டன்அக்கா

எக்செல் யாரு கேட்டா.

அதோட எங்க கான்ஃபரன்ஸ் பிக் டென் 2016-ல இருந்தே ஒம்போது ஆடுது. நீங்க இப்பதான் வரீங்க, வாங்க.

ஆன்ஆர்பர்பழசு

சின்ன டீம வீட்டுக்கு கூப்ட்டு ஆடறது லேசுன்னு பேசறவங்களுக்காக இத எழுதறேன். 2007 செப்டம்பர் 1. நான் அமெரிக்கா வந்து சேர்ந்த புதுசு, ஃபுட்பால்னா என்னன்னே தெரியாது, ரூம்மேட் ஒருத்தன் டிக்கெட் குடுத்தான், ஏன்னா அவனுக்கு இந்த மேட்ச் வேஸ்ட்டு. மிஷிகன் நம்பர் 5. வந்தது அப்பலேச்சியன் ஸ்டேட், கீழ் டிவிஷன் டீம், நம்மூர் கணக்குல ரஞ்சி ப்ளேட் க்ரூப்னு வைங்க, காசு குடுத்து கூப்ட்டு அடிச்சு அனுப்பற மேட்ச். அவங்க அந்த டிவிஷன்ல ரெண்டு வருஷமா தொடர்ந்து சாம்பியன்னு எனக்கும் தெரியாது, பக்கத்துல இருந்த யாருக்கும் தெரிஞ்ச மாதிரி இல்ல. தெரிஞ்சிருந்தாலும் மதிச்சிருக்க மாட்டாங்க.

கடைசில 34-32, மிஷிகன் ரெண்டு பாயிண்ட் பின்னாடி, பந்த கம்பத்துக்கு நடுவுல உதச்சு ஃபீல்ட் கோல் அடிச்சா மூணு பாயிண்ட், முடிஞ்சுது. அப்பலேச்சியன் ஸ்டேட்டோட கோரி லிஞ்ச் கைய வச்சு ப்ளாக் பண்ணி பந்த எடுத்துட்டு ஓடறான். லட்சம் பேருக்கு மேல இருக்கற ஸ்டேடியம். எனக்கு ரூல் தெரியாது, முடிஞ்சுதா இல்லயானு தெரியல, பக்கத்துல இருந்த வயசான அம்மாகிட்ட கேட்டேன், இப்ப என்ன ஆச்சுன்னு. அவங்க என்னப் பாக்கல, மைதானத்தப் பாத்துட்டே, "இந்த மேட்ச யாரு போட்டது"ன்னாங்க. யாரு தோத்தான்னு இல்ல, யாரு ஷெட்யூல் போட்டதுன்னு!! அந்த அம்மா முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

அடுத்த வாரம் மிஷிகன் 5-ல இருந்து நேரா லிஸ்ட்ட விட்டே வெளிய. அந்த மேட்சுக்கு அப்புறம்தான் கீழ் டிவிஷன் டீமுக்கும் ஓட்டுப் போடலாம்னு ஏபி விதிய மாத்தினாங்க.

வார்ஈகிள்

கொலம்பஸ்காரன், ஆகஸ்ட் நம்பர் வெறும் பேச்சுதான்னு எல்லாரும் சொல்றீங்க, எங்ககிட்ட சொல்லாதீங்க. 2004. யுஎஸ்சி 1, ஓக்லஹோமா 2, ஆகஸ்ட்ல அந்த ரெண்டு நாற்காலில உக்காந்தவங்க யாரும் தோக்கல, சீசன் முழுக்க எழுந்திரிக்கவே இல்ல. எங்க ஆபர்ன் ஆரம்பிச்சது 17-ல. நாங்களும் ஒண்ணும் தோக்கல, எஸ்இசி சாம்பியன், ஆனா ஃபைனலுக்கு ரெண்டே பேர். நாங்க சுகர் பவுல்ங்கற வேற மேட்ச்ல வர்ஜீனியா டெக்க அடிச்சு 13-0-னு வந்து நின்னோம், அங்க ஃபைனல்ல ஓக்லஹோமா யுஎஸ்சிகிட்ட 55-19-னு ஒத வாங்கினாங்க. 17-க்கு பதிலா 2-ல ஆரம்பிச்சிருந்தா கதையே வேற.

என் சண்டை அந்த ஃபைனல் அன்னிக்கு ராத்திரி, நண்பன் அபார்ட்மெண்ட்ல. மூணாவது குவார்ட்டர்ல ஒருத்தன் பீட்சாவ மடிச்சு வாய்ல வச்சுட்டே, "நீங்க சிட்டடெல்ங்கற கீழ் டிவிஷன் டீம்கூட ஆடினீங்கல்ல, அப்புறம் என்ன"ன்னான். டிவில ஸ்கோர் ஓடுது. ஓடற ஸ்கோர பாத்துட்டே சொல்றான்! நான் ரிமோட்ட எடுத்து டிவிய ஆஃப் பண்ணிட்டு கெளம்பி வந்துட்டேன், அது அவன் வீடு கூட இல்ல.

கொலம்பஸ்காரன்

அது பழைய சிஸ்டம் பாஸ். ஓட்டும் கம்ப்யூட்டரும் கலந்த கணக்கு. இப்ப ப்ளேஆஃப்புக்கு டீம் எடுக்கற கமிட்டி சீசன் பாதிக்கு மேல போனப்புறம்தான் முதல் லிஸ்ட்டே போடுது, ஆகஸ்ட் ரேங்கிங்க அவங்க எடுத்துக்கறதில்ல.

வார்ஈகிள்

பேப்பர்ல எடுத்துக்கறதில்ல. அந்த ரூம்ல இருக்கறவங்க ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் டிவி பாக்காம கண்ண மூடிட்டா இருக்காங்க? 'டாப் 10 டீம ஜெயிச்சாங்க'ன்னு செப்டம்பர்ல ஒரு தடவ திரைல வந்துட்டா அது மண்டைல ஒக்காந்துடும்.

டல்லஹாசி

கமிட்டின்னதும் எனக்கு பத்திக்கிட்டு வருது. 2023, எங்க ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0, ஏசிசி கான்ஃபரன்ஸ் சாம்பியன், குவார்ட்டர்பேக் ஜோர்டன் ட்ராவிஸ் காலு போச்சுன்னு எங்கள வெளிய வச்சு ஒரு தோல்வி வாங்கின அலபாமாவ உள்ள எடுத்தாங்க. டிசம்பர் 3 ஞாயித்துக்கிழம, ஆபீஸ் நண்பர் வீட்ல எல்லாரும் டிவி முன்னாடி. அறிவிச்சதும் எல்லாரும் என்னையே பாக்கறாங்க, வீட்டுக்காரரோட பொண்ணு, ஏழெட்டு வயசு இருக்கும், "அங்கிள், எல்லாத்தயும் ஜெயிச்சா ஜெயிச்சதா ஆகாதா"ன்னு கேட்டுது. என்னத்த சொல்ல. ஷெட்யூல் கஷ்டம் பத்தாதும்மான்னு ஏழு வயசு குழந்தைக்கு வெளக்கறதா?

இதுல இன்னொரு கூத்து. 13 ஜெயிச்சப்ப நம்பாதவங்க அடுத்த ஆகஸ்ட்ல எங்கள நம்பர் 10-னு போட்டாங்க. முதல் மேட்ச் டப்ளின்ல, ஜார்ஜியா டெக்கிட்ட 24-21 தோல்வி, சீசன் முடிவு 2-10. அப்ப ஜார்ஜியா டெக் டாப் 10 டீம ஜெயிச்சாங்களா, இல்ல 2-10 டீம ஜெயிச்சாங்களா? ஹூஸ்டன்ஆகி எக்செல்ல இதுக்கு எந்த கட்டம்?

புதுசாவந்தவன்

எல்லாம் படிச்சேன். நான் போன ஆகஸ்ட்டுலதான் பென் ஸ்டேட்ல சேர்ந்தேன். லேப்ல சீனியர் முதல் நாளே நம்ம நம்பர் 2, ஷெட்யூல் முதல் மாசம் பஞ்சு மாதிரி இருக்கும், செப்டம்பர் கடைசில ஆரெகன் ஒண்ணுதான் கண்டம்னார். அது ரெண்டு ஓவர்டைம் போய் தோத்துது, சரின்னு விட்டோம். அடுத்த வாரம் யுசிஎல்ஏ, அவங்க 0-4, சீனியர் அந்த மேட்ச் பாக்கவே வரல, துணி தொவைக்கப் போயிட்டார். 42-37 தோத்தப்ப லாண்டரி ரூமுக்கு நான்தான் போய் சொன்னேன். அவர் ட்ரையர் கதவ தெறந்து வச்சுட்டு என்ன கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நீ ரூல்ஸ் தெரியாம தப்பா பாத்திருப்ப"ன்னார். அடுத்தது நார்த்வெஸ்டர்ன்கிட்டயும் போச்சு, மறுநாளே கோச் ஃப்ராங்க்ளின தூக்கிட்டாங்க. அதுக்கப்புறம் லேப்ல யாரும் ரேங்கிங் பேசறதில்ல.

ஹூஸ்டன்ஆகி

டல்லஹாசி சார், உங்களுக்கு தனி கட்டமே இருக்கு. சீசன் முடிஞ்சு திருப்பி கணக்குப் போடணும், அதுக்குத்தான் போன வருஷத்துல இருந்து கமிட்டியும் வெறும் ஷெட்யூல் கஷ்டத்த மட்டும் பாக்காம, அந்த ஷெட்யூல்ல என்ன சாதிச்சாங்கன்னு ஒரு அளவு சேத்திருக்காங்க. தம்பி புதுசா வந்தவரே, முதல் மாசம் பஞ்சா இருந்தா டீம் எப்படின்னே தெரியாது, அதான் உங்க சீனியர் ஏமாந்தது, நீங்களாச்சும் லைன பாருங்க. அப்புறம் ப்ளூமிங்டன் மேடம், திரும்ப சொல்றேன், 16-0 பெரிய விஷயம்தான், ஆனா ஆரம்பத்துல மூணு கப்கேக் (லேசான டீம்) சாப்ட்டுட்டு ஃப்ரெஷ்ஷா வந்த டீமுக்கும், வாரா வாரம் எஸ்இசில அடிபட்ட டீமுக்கும் டிசம்பர்ல வித்தியாசம் இருக்கும்.

ப்ளூமிங்டன்அக்கா

டிசம்பர் பத்தி நீங்களே ஆரம்பிச்சதுக்கு நன்றி. டிசம்பர்ல கைல் ஃபீல்டுல, உங்க வீட்ல, மயாமி உங்கள 3 பாயிண்ட்ல நிறுத்தி 10-3 ஜெயிச்சுது. அதே மயாமிய ஃபைனல்ல அவங்க சொந்த ஸ்டேடியத்துலயே வச்சு நாங்க 27-21. எக்செல்ல போட்டுக்கோங்க.

ஹூஸ்டன்ஆகி

அன்னிக்கு கைல் ஃபீல்டுல காத்து என்ன அடி அடிச்சுதுன்னு தெரியுமா உங்களுக்கு. அவங்களும்தான் ஃபீல்ட் கோல் ஒண்ணுக்கு மேல ஒண்ணு விட்டாங்க.