போனில் நைட் லைட் போட்டும் ஒன்றரை மணி வரை தூக்கம் வரவில்லை, எங்கே தப்பு?

கோவை_34:
வணக்கம். ஐடி சப்போர்ட் வேலை, வீட்டிலிருந்துதான். இரவு ஒன்பதுக்கு லாப்டாப்பை மூடுவேன், ஒன்பதரைக்குச் சாப்பாடு, பதினொன்றுக்குப் படுக்கை, ஆனால் கண் அசர ஒன்றரை ஆகிவிடுகிறது. இரண்டு மாதமாக இதே கதை. போனில் நீல வெளிச்சத்தைக் குறைக்கும் நைட் லைட்டைக் கடைசி வரை இழுத்து வைத்திருக்கிறேன், திரைக்கே மஞ்சள்காமாலை வந்த மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு 1,400 ரூபாய் கொடுத்து ப்ளூ கட் கண்ணாடி வேறு. பலன் பூஜ்யம். பக்கத்தில் மனைவி படுத்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுகிறாள், நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். வேறு எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

ராக்கோழி:
செட்டிங்கை விடுங்கள் சார். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எந்த விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறீர்கள்? ட்யூபின் ஓரத்தில் ஒரு எண்ணும் பக்கத்தில் 'கே'யும் (கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், 2014இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 12 பேரை ஐந்து இரவுகள், படுக்கும் முன் நான்கு மணி நேரம், ஐபேடை முழு வெளிச்சத்தில் வைத்துப் படிக்கச் சொன்னார்கள். உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் ஹார்மோன் நன்றாகவே குறைந்தது, ஆனாலும் அச்சுப் புத்தகம் படித்த நாட்களைவிடத் தூக்கம் வரச் சராசரியாகப் பத்து நிமிடம்தான் கூடுதலாக ஆனது. உங்களுக்கு ஆவது இரண்டரை மணி நேரம். அந்தக் கைப்பிடி அகலத் திரை மேல் முழுப் பழியையும் போட முடியாது. அப்புறம், மஞ்சளாக்கிவிட்டுப் பிரகாசத்தை முழுசாக வைத்திருந்தால் அதில் பெரிய லாபம் இல்லை, அதையும் குறையுங்கள்.

கோவை_34:
20 வாட், 6500கே என்று இருக்கிறது. ஹாலில் இரண்டு, படுக்கையறையில் ஒன்று, மூன்றும் படுக்கும் வரை எரியும். படுத்த பிறகு நீல நிற ஜீரோ வாட் பல்பு மட்டும். அதுவும் சேர்த்தியா?

பழைய வயர்மேன்:
தம்பி, திருடனை உத்தரத்தில் மாட்டிவிட்டுப் போனைப் போட்டு அடிக்கிறீர்கள். வெள்ளை எல்இடிக்குள்ளே இருப்பதே நீல சிப்தான், மேலே மஞ்சள் பூச்சு கொடுத்து வெள்ளையாகக் காட்டுகிறார்கள். 6500 என்றால் நீலம் தூக்கலாக இருக்கும், 2700 அல்லது 3000 என்றால் பழைய குண்டு பல்பு மாதிரி. கடையில் வெறுமனே எல்இடி பல்பு என்று கேட்டால் வெள்ளையைத்தான் எடுத்து நீட்டுவார்கள், அட்டையில் வார்ம் ஒயிட் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். ட்யூபைக் கழற்ற வேண்டாம், பகலில் வேண்டியிருக்கும். ஒரு மூலை ஹோல்டரில் 5 வாட் வார்ம் ஒயிட் மாட்டி, சாப்பிட்டதும் ட்யூபை அணைத்துவிடுங்கள்.

ஜீரோ வாட் என்பதே ஒரு டூப்பு, அந்தக் காலத்து பல்பு 15 வாட் இழுக்கும். இப்போது வருவது அரை வாட் எல்இடி, வெளிச்சம் கம்மிதான். ஆனால் இருக்கிற நிறத்தை எல்லாம் விட்டு நீலம் எதற்கு? சிவப்பு மாட்டுங்கள், இல்லை அதையும் அணையுங்கள்.

மருதாணி:
வயர்மேன் அண்ணா சொன்னதுதான் சரி. கண்ணில் மெலனாப்சின் என்ற, ஒளியை உணரும் பொருள் உள்ள செல்கள் தனியாக இருக்கின்றன, உடம்புக் கடிகாரத்துக்குப் பொழுதைச் சொல்வதில் அவற்றுக்குத்தான் முக்கியப் பங்கு. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உள்ள நீலம்தான் அவற்றை அதிகம் உசுப்பும். ப்ளூ கட் கண்ணாடியில் பெரும்பாலும் நிறமே இல்லாத கண்ணாடிதான், நீலத்தில் ஒரு சின்ன பங்கைத்தான் தடுக்கும்.

ஆனால் ஒன்று கேட்கவா? பகலில் வெளியே போகிறீர்களா? ஜன்னல் திரையை மூடிக்கொண்டு நாள் முழுக்க அறைக்குள் இருந்தால், ராத்திரி ட்யூப் லைட் உங்கள் உடம்புக்குச் சூரியன் மாதிரி. காலையில் அரை மணி நேரம் வெயிலில் நடந்து பாருங்கள். ஆறு மணிக்கு மேல் காபி வேண்டாம்.

கோவை_34 (16 நாள் கழித்து):
சொன்னபடி செய்தேன். முதல் நாளே அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், "விளக்கு வைத்த வீட்டை இப்படி இருட்டடித்தால் மூதேவிதான் வருவாள்" என்று. மூலை பல்பை சாமி படத்துக்குப் பக்கத்தில் மாற்றி மாட்டிய பிறகு சமாதானம். காலை நடையும் போகிறேன், காபியை ஐந்துக்கே முடித்துவிடுகிறேன்.

இப்போது பன்னிரண்டேகாலுக்குத் தூக்கம் வருகிறது, சனிக்கிழமை மேட்ச் பார்த்தால் மட்டும் பழையபடி. எது கைகொடுத்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு சந்தேகம்: படுக்கும் முன் பல் தேய்க்கப் போனால் பாத்ரூம் கண்ணாடி மேல் இருக்கும் விளக்கு முகத்திலேயே அடிக்கிறது. வாடகை வீடு, ஃபிட்டிங்கைக் கழற்ற ஓனர் விடமாட்டார்.

பழைய வயர்மேன்:
சாப்பிட்ட கையோடு பல்லைத் தேய்த்துவிடுங்கள் தம்பி, இதற்கு எதற்கு ஓனர்?