மின்னஞ்சல் சர்வர்களுக்கு முன்னால் எந்த ப்ராக்ஸி?

செந்தில்: எங்கள் நிறுவனத்தில் அஞ்சல் பெட்டிகள் இரண்டு சர்வர்களில் பிரிந்து கிடக்கின்றன. இரண்டிலும் அஞ்சலை அனுப்பவும் பெறவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து படிக்க டவ்காட். எல்லோருக்கும் ஒரே சர்வர் பெயரைக் கொடுத்துவிட்டு, பெட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்றாவது சர்வருக்கு மாற்ற வேண்டும். முன்னால் நின்று இணைப்புகளை வாங்கிக் கடத்த எந்த ப்ராக்ஸி வைக்கலாம்?

இளவரசன்: ஹெச்ஏப்ராக்ஸி. டிசிபி இணைப்பை உள்ளே பார்க்காமல் அப்படியே கடத்திவிடும், டிஎல்எஸ் என்ற குறியாக்கம் பின்னால் இருக்கும் சர்வரில்தான் அவிழும். ப்ராக்ஸிக்குள் யாராவது புகுந்தாலும் அங்கே ஒரு கடவுச்சொல்கூடக் கிடைக்காது. போர்ட் 993 (ஐமேப், அதாவது பெட்டியைப் படிப்பது), 587 (பயனர் அஞ்சல் அனுப்புவது), 25 (வெளி சர்வர்களிலிருந்து அஞ்சல் வருவது) எல்லாவற்றையும் அதன் பின்னால் வைத்துவிடுங்கள்.

கயல்விழி: அவர் கேட்டதே வேறு. பெட்டிகள் பிரிந்து கிடக்கின்றன என்கிறார். வருகிறவர் யார் என்று தெரிந்தால்தானே எந்த சர்வருக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய முடியும்? ஐமேப்பில் பயனர் பெயர் லாகின் செய்யும்போதுதான் வரும், அதுவும் டிஎல்எஸ்ஸுக்குள். ஹெச்ஏப்ராக்ஸி அதைப் பார்க்கவே பார்க்காது. பாதிப் பேர் தங்கள் பெட்டி இல்லாத சர்வரில் போய் நிற்பார்கள்.

டவ்காட்டையே ப்ராக்ஸியாக வையுங்கள். பயனரைத் தேடும் இடத்தில் அவர் பெட்டி இருக்கும் சர்வரின் முகவரியைத் திருப்பித் தந்தால் போதும், அது அங்கே இணைத்துவிடும். பெட்டியை மாற்றினால் டேட்டாபேஸில் ஒரு வரி மாறும். பயனர் பக்கம் எந்த அமைப்பையும் தொட வேண்டாம்.

இளவரசன்: என்எஃப்எஸ் மூலம் எல்லா சர்வர்களும் நெட்வொர்க் வழியாகப் பகிரும் பொது ஸ்டோரேஜ் வைத்தால் யார் எந்த சர்வருக்குப் போனாலும் ஒன்றுதானே?

கயல்விழி: ஒன்று இல்லை. ஒரே பெட்டியை இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் தொட்டால் டவ்காட் பெட்டிக்கு வைத்திருக்கும் இண்டெக்ஸ் கோப்புகள் கெடும். ஒரு பயனரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பத்தான் டவ்காட்டில் டைரக்டர் என்று ஒன்று இருந்தது. 2.4 பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது புதிதாகத் தொடங்குகிறவர் அந்த வழிக்குப் போகவே கூடாது.

பாரி: என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரும் மெயில் ப்ராக்ஸியாக வேலை செய்யுமே, அதை யாரும் சொல்லவில்லையே. ஸிம்ப்ரா என்ற அஞ்சல் மென்பொருள் அதைத்தானே பயன்படுத்துகிறது? லாகின் வந்ததும் ஒரு எச்டிடிபி ஸ்கிரிப்டிடம் கேட்கும், அது ஐபி முகவரியைச் சொன்னால் அங்கே இணைக்கும்.

கயல்விழி: வழக்கமான என்ஜின்எக்ஸில் மெயில் ப்ராக்ஸிக்கும் பின்னால் உள்ள சர்வருக்கும் இடையே டிஎல்எஸ் கிடையாது. கடவுச்சொல் உள் நெட்வொர்க்கில் குறியாக்கம் இல்லாமல் ஓடும். நான் அதை ஏற்கமாட்டேன்.

இளவரசன்: டவ்காட் ப்ராக்ஸியிலும் கடவுச்சொல் அந்த இயந்திரத்தின் வழியாகத்தானே போகிறது?

கயல்விழி: போகிறது, மறுக்கவில்லை. ஆனால் சரிபார்ப்பதைப் பின்னால் உள்ள சர்வரிடமே விட்டுவிடலாம். அப்போது ப்ராக்ஸியில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கச் சேமித்து வைக்கும் ஹாஷ் எதுவும் இருக்காது.

அப்புறம், போர்ட் 25-ஐ எதற்கு ப்ராக்ஸிக்குப் பின்னால் வைக்கச் சொல்கிறீர்கள்? அனுப்புகிறவரின் ஐபி மறைந்துவிட்டால் அந்த ஐபிக்கு அந்த டொமைன் பெயரில் அனுப்ப அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையும் தடுப்புப் பட்டியல் சோதனையும் அர்த்தமில்லாமல் போகும். ப்ராக்ஸியின் ஐபி போஸ்ட்ஃபிக்ஸின் நம்பகமான நெட்வொர்க் பட்டியலில் இருந்தால் இன்னும் மோசம்: உலகமே உங்கள் சர்வர் வழியாக ஸ்பேம் அனுப்பும்.

இளவரசன்: ப்ராக்ஸி புரோட்டோகால் அதற்காகத்தான் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் 2.10-லிருந்தே அதைப் புரிந்துகொள்கிறது, உண்மையான ஐபி உள்ளே போய்ச் சேரும்.

கயல்விழி: சேரும். ஆனாலும் அங்கே தேவையே இல்லை. டொமைனுக்கு வரும் அஞ்சலை எந்த சர்வர் வாங்கும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எம்எக்ஸ் பதிவு இரண்டு போடுங்கள், ஒன்று விழுந்தால் அனுப்பும் சர்வர் அடுத்ததைத் தேடும். இரண்டும் விழுந்தால்கூட வரிசையில் வைத்து மறுபடி முயலும், நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்கிறது அஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியின் விதி. ஐமேப் பயனருக்கு அந்தப் பொறுமை இல்லை, ப்ராக்ஸி அவருக்குத்தான் வேண்டும்.

செந்தில்: சரி, ஐமேப்புக்கு டவ்காட் ப்ராக்ஸி, போர்ட் 25-க்கு எம்எக்ஸ் மட்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரு ப்ராக்ஸியே விழுந்தால்?

இளவரசன்: இரண்டு ப்ராக்ஸி வைத்து, அவற்றுக்கு முன்னால் ஹெச்ஏப்ராக்ஸி. எந்த ப்ராக்ஸிக்குப் போனாலும் அது சரியான சர்வரைக் கண்டுபிடிக்கும், அதனால் கயல்விழி சொன்ன சிக்கல் இங்கே வராது. ஹெச்ஏப்ராக்ஸிக்கும் ஒரு மாற்று இயந்திரம் வேண்டும். சும்மா இருக்கும் இணைப்பைத் துண்டிக்கும் அதன் டைம்அவுட்டை அரை மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். புது அஞ்சலுக்காகக் காத்திருக்கும் ஐமேப் ஐடில் இணைப்பு 29 நிமிடம் வரை சும்மா இருக்கலாம், குறைவாக வைத்தால் போனில் அஞ்சல் வரும்போது அறிவிப்பு வராமல் போகலாம்.

கயல்விழி: இதை ஒப்புக்கொள்கிறேன். பின்னால் உள்ள டவ்காட்டில் ப்ராக்ஸிகளின் ஐபியை நம்பகமானவை என்று குறித்துவிடுங்கள், ஹெச்ஏப்ராக்ஸியிலிருந்து ப்ராக்ஸி புரோட்டோகாலையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் தவறான கடவுச்சொல் சில முறை வந்ததும், அப்படி வரும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் மென்பொருள் உங்கள் ப்ராக்ஸியையே தடை செய்துவிடும், மொத்த நிறுவனமும் வெளியே நிற்கும்.