பாட்டி ஸ்கேன் ரிப்போர்ட்: நம்ம வீடு குழு

சித்தி: அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது. கல்லீரலில் 7 செ.மீ. கட்டி. புற்றுநோயாக இருக்கலாமாம், நாளைக்கே பயாப்சி, ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பார்களாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாமா: ஐயோ. யாரும் அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

டாக்டர் அக்கா: சித்தி, ரிப்போர்ட்டை முழுசாகப் படம் எடுத்துப் போடுங்கள்.

டாக்டர் அக்கா: இரண்டாம் பக்கத்தில் 'உள்ளே சிறு நீர்ப்பைகள், சுவரில் சுண்ணாம்புப் படிவு' என்று இருக்கிறதே! பாட்டி சின்ன வயதில் ஆடு, நாயோடு புழங்கியவரா?

மாமா: ஆட்டுப்பட்டியிலேயே வளர்ந்தவர். காவலுக்கு நாயும் உண்டு. ஆனால் அது எந்தக் காலம்!

டாக்டர் அக்கா: வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும் கட்டி மாமா அது. ஹைடாடிட் என்பார்கள். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு நாயின் குடலில் இருக்கும், சில மில்லிமீட்டர்தான் நீளம். முட்டை நாயின் மலத்தில் வெளியேறி, கழுவாத கை, கீரை, தண்ணீர் வழியாக நம் வயிற்றுக்குள் போகும். அந்த முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழுதான் உடம்பில் நீர்க்கட்டியாக வளரும், பெரும்பாலும் கல்லீரலில், அடுத்தபடி நுரையீரலில். பழசாகி உள்ளே கெட்டிப்பட்டால் ஸ்கேனில் புற்றுநோய் மாதிரியே தெரியலாம்.

மாமா: ஆட்டுக்கறியால் வந்திருக்குமோ?

டாக்டர் அக்கா: இல்லை மாமா. கட்டியுள்ள ஆட்டு ஈரலைத் தின்கிற நாய்க்குத்தான் புழு வரும்.

தம்பி: சரி, பயாப்சி எடுத்தால் தெரிந்துவிடுமே?

டாக்டர் அக்கா: அங்கேதான் ஆபத்து. ஊசி குத்தி, கட்டிக்குள் இருக்கும் நீர் வயிற்றில் கசிந்தால் கடுமையான ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிந்திய இடத்தில் புதுக் கட்டிகளும் முளைக்கலாம். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை இருக்கிறது, ஆனால் அல்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்துவிட்டு, எல்லா ஏற்பாட்டோடும் செய்வார்கள். புற்றுநோய் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாய், ஆடு விஷயத்தை இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தப் புழுவுக்கு எதிராக உடம்பில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அது நெகட்டிவ் என்றாலும் விட்டுவிடக் கூடாது, ஸ்கேனைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

சித்தி: சொல்லிவிட்டேன். பயாப்சியைத் தள்ளிவைத்து ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அல்ட்ராசவுண்டும் பார்க்கிறார்களாம்.

மாமா: அம்மாவுக்குத் தெரியுமா?

சித்தி: பக்கத்துக் கட்டிலில்தானே இருக்கிறார், எல்லாம் கேட்டுவிட்டது. 'எங்கள் மணி அப்படிப்பட்ட நாய் இல்லை' என்று கோபமாகத் திரும்பிப் படுத்திருக்கிறார்.