நோட்டு வாங்கிய கையால் இட்லி எடுக்கலாமா?

இட்லிக்கடை அக்கா:
மாட்டுத்தாவணி பக்கம் விடியற்காலை இட்லிக்கடை போடுகிறோம். பூ மார்க்கெட் ஆட்கள்தான் அதிகம். அவர்கள் தரும் பத்து ரூபாயெல்லாம் ஈரத்தில் ஊறி நமுத்துப்போய் இருக்கும். நேற்று ஒரு அம்மா, "நோட்டை வாங்கின கையாலேயே இட்லி எடுக்கிறியே" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுப் போனார். சுருக்கென்று இருந்தது. என் மகன் வேறு, நோட்டில் 78 நோய்க்கிருமி என்று வாட்ஸ்அப்பில் காட்டுகிறான். நோட்டுக்குச் சானிடைசர் அடிக்கலாமா? ஜிபே மட்டும் என்று போர்டு வைக்கலாம், ஆனால் பூ கட்டும் பாட்டிகள் அதற்கு எங்கே போவார்கள்?

கோரிப்பாளையம் தம்பி:
எங்க தாத்தா எச்சில் தொட்டுத்தான் எண்ணுவார், ஒன்றும் ஆகவில்லை. விடுங்க அக்கா.

லேப்காரர் (ஓய்வு):
தம்பி, தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. அந்த நோட்டை அடுத்து வாங்கியவரைக் கேட்டீர்களா?

அம்மா, அந்த 78 டெல்லியில் மத்திய அரசின் ஐஜிஐபி ஆய்வகம் 2015-ல் வெளியிட்ட கட்டுரையில் வருவது. கடைகளில் புழங்கிய 10, 20, 100 ரூபாய் நோட்டுகளில் இருந்த டிஎன்ஏவைப் பார்த்தார்கள். செத்த கிருமியும் டிஎன்ஏவை விட்டுப்போகும். வாட்ஸ்அப்பில் இதைச் சொல்லமாட்டார்கள்.

அதற்காக நோட்டு சுத்தம் என்று சொல்லவில்லை. நம் நோட்டு பருத்தியில் செய்தது. ஈரத்தையும் பிசுக்கையும் குடித்துக்கொள்ளும். லேபில் இருந்தபோது, பயிற்சிக்கு வரும் நர்சிங் பிள்ளைகளுக்குக் காட்ட, கேன்டீன் கல்லாவிலிருந்து ஒரு பத்து ரூபாயை வாங்கி கிருமி வளர்க்கும் அகார் தட்டில் ஒற்றி எடுப்பேன். மறுநாள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். முகம் சுளிப்பார்கள். அப்புறம் அவர்கள் விரலையே இன்னொரு தட்டில் வைக்கச் சொல்வேன். அதிலும் அதே கூத்துதான்.

உங்கள் கடையில் எனக்குப் பயம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா மேல். பலர் மூக்கிலும் தோலிலும் குடியிருப்பது. நோட்டிலிருந்தோ கையிலிருந்தோ சட்னிக்குப் போனால், வெளியில் இருக்கும் சட்னியில் சில மணி நேரத்தில் பெருகி நச்சைக் கக்கும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. ஆவி பறக்கும் இட்லியை விடச் சட்னியைத்தான் கவனிக்க வேண்டும்.

நோட்டுக்குச் சானிடைசர் வீண். அடுத்த நிமிஷமே வேறு நோட்டு வரும். பிசுபிசுத்த கையிலும் அது சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். காசுக்கு ஒரு ஆள், இட்லிக்கு ஒரு ஆள் என்று பிரித்துவிடுங்கள். ஆள் இல்லையென்றால் இட்லிக்கு இடுக்கி, காசுக்கு ஒரு தட்டு. கையுறை மாட்டிக்கொண்டு அதே கையால் காசும் வாங்குகிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

வங்கிக்காரி:
நமுத்த, அழுக்கு நோட்டை எந்த வங்கிக் கிளையிலும் மாற்றலாம் அக்கா, கணக்கு வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 20 நோட்டு, மொத்தம் 5,000 ரூபாய் வரை கட்டணம் கிடையாது. முகம் கொடுக்காமல் பேசினால் மேனேஜரைப் பாருங்கள்.

இட்லிக்கடை அக்கா:
வீட்டுக்காரரைக் கல்லாவில் உட்கார வைக்கிறேன். மீதிச் சில்லறையில் கோட்டை விடுவார், பார்த்துக்கொள்ளலாம். சட்னி நாலு மணிக்கு அரைத்தால் ஒன்பது வரை ஓடுது சார், அது?

லேப்காரர் (ஓய்வு):
நீளம்தான். பாதியை நாலுக்கு அரையுங்கள், மீதியை ஆறரைக்கு. பழைய சட்னி மிச்சத்தில் புதுசைக் கொட்டாதீர்கள், பாத்திரத்தையே மாற்றுங்கள்.